விமானத்துக்கு வைத்த பொட்டு

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பத்தாவதில் தவறியவன். கூட்டத்தில் நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். உங்கள் பத்திரிகையின் இந்தப் பகுதியில் மற்றவர்கள் எழுதுவதெல்லாம் வெள்ளத்தில் தப்பித்தது, ஓடும் ரயிலில் பிரசவம் பார்த்தது என்று இருக்கிறது. என் விஷயம் ஒரு பொட்டு விஷயம். பிடிக்கவில்லை என்றால் கிழித்துப் போட்டுவிடுங்கள், வருத்தப்பட மாட்டேன்.

இது நடந்தது 2008-ஆம் வருடம், அமீரகத்தில் அல் ஐன் ஊரில். நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம் இருக்கும். அப்போது நான் அங்கே விமானம் நிறுத்தி வைக்கும் பெரிய கொட்டகையில், ஹேங்கர் என்பார்கள், தரை துடைக்கும் வேலையில் இருந்தேன். துடைப்பது என்றால் கையால் இல்லை. சிறிய டிராக்டர் மாதிரி ஒரு மெஷின், அதில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே போகலாம்.

அந்த வேலையின் அருமை அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அதற்கு முன் ஆறு வருடம் கட்டட சைட்டில் சாரம் கட்டினேன். ஆகஸ்ட் மாத வெயிலில் இரும்புக் குழாயைத் தொட்டால் கையுறையைத் தாண்டிச் சுடும். ஒருநாள் நான் மயங்கி விழுந்த பிறகுதான், யார் யாரையோ கெஞ்சி, இந்த நிழல் வேலைக்கு மாறினேன். கழுத்தில் தொங்கும் ஏர்போர்ட் பாஸ்தான் எல்லாம். பாஸ் போனால் வேலை போகும், வேலை போனால் ஊருக்கு டிக்கெட், இல்லாவிட்டால் மறுபடியும் சாரம்.

அந்த வருடம் செப்டம்பர் கடைசியில் எங்கள் ஹேங்கருக்கு ஒரு விமானம் வந்தது. இரண்டு இஞ்சின் வைத்த சின்ன விமானம். ஆனால் சாதாரண விமானம் மாதிரி இல்லை. இறக்கைக்கு அடியில் குண்டு குண்டாக ஏதோ தொங்கியது. முதுகில் புல்லாங்குழல் மாதிரி மூன்று குழாய்கள் முன்பக்கம் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே சீட்டுக்குப் பதில் பெட்டி பெட்டியாக மெஷின்கள்.

கூட வந்தவர்களில் ஒருவர் இலங்கைத் தமிழர். யாழ்ப்பாணத்தில் பிறந்து, சண்டைக் காலத்தில் வெளியேறி, ஐரோப்பாவில் ஒரு குளிர் நாட்டில் குடியேறியவர். என் வயதுதான் இருக்கும். விமானத்தில் இருந்த கருவிகளெல்லாம் அவர் பொறுப்பு. நான் தமிழ் என்று தெரிந்ததும் முதல் நாளே தோளில் கை போட்டுக்கொண்டார்.

அவர்தான் எனக்கு எல்லாம் விளக்கினார். மேகத்தைப் படிக்கிற விமானமாம் அது. இங்கே இரண்டு வாரம் பாலைவனத் தூசியை அளந்துவிட்டு, அப்படியே ஆப்பிரிக்கா வழியாகத் தென் துருவத்துக்குப் போகப் போகிறதாம்.

“மேகத்திலை ஐஸ் பிடிக்கிறதுக்கு ஒரு சின்னத் தூசியாவது வேணும் அண்ணை. தூசியைச் சுத்தித்தான் ஐஸ் வளரும். இங்கை தூசிக்குக் குறைவில்லை. அங்கை துருவத்திலை தூசி எண்டு சொல்லவே ஒண்டும் இல்லை. ரெண்டையும் ஒரே கருவியாலை அளந்து பார்க்கிறம். அப்பதான் பூமி எப்பிடிச் சூடாகுது எண்டது விளங்கும்.”

எனக்குப் பாதி புரிந்தது. “தூசியைத் தேடி ஏரோப்பிளேன்ல வந்தீங்களா? எங்க கேம்ப்புக்கு வாங்க, கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கு” என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் முகத்தை மாற்றிக்கொண்டு சொன்னார்: “ஒண்டு மட்டும் சொல்லுறன். முதுகிலை இருக்கிற அந்தக் குழாய்தான் காத்தை உள்ளுக்கை இழுக்கும். அதை மட்டும் துடைச்சுப் போடாதேங்கோ, என்ன?”

துடைக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன்.

இவர்களுக்கெல்லாம் தலைவி ஒரு வெள்ளைக்கார அம்மா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். நரைத்த முடியைப் பென்சிலைச் செருகிக் கொண்டை போட்டிருப்பார். அந்தப் பென்சிலைத் தேடி மேஜை முழுக்கத் துழாவுவார். நான் மெஷினில் தாண்டிப் போகும்போதெல்லாம் பைலட்டுக்கு வைப்பது போல எனக்கு ஒரு சல்யூட் வைப்பார். கிளீனருக்கு யார் சல்யூட் வைக்கிறார்கள்? எனக்குக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் மறுநாள் அந்தச் சல்யூட்டுக்காகவே அந்தப் பக்கம் இரண்டு தடவை மெஷினை ஓட்டுவேன்.

ஆயுத பூஜை வந்தது. நான் வெளிநாடு போவதற்கு முன் லாரியில் கிளீனராக இருந்தவன். ஆயுத பூஜை அன்று வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் ஏற்றாமல் எங்கள் முதலாளி வண்டியை எடுக்கவே விடமாட்டார். வளைகுடாவிலும் நான் அதை விட்டதில்லை. வருடா வருடம் என் தரை துடைக்கும் மெஷினுக்கு யாரும் பார்க்காத நேரத்தில் ஒரு பொட்டு வைத்துவிடுவேன். மனைவி அனுப்பிய குங்குமமும் சந்தன வில்லையும் பழைய ஃபிலிம் ரோல் டப்பாவில் இருக்கும்.

அன்று புதன்கிழமை. மதியம் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். என் மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே இந்த விமானம் நிற்கிறது. மனசு கேட்கவில்லை. ஆள் அரவமே இல்லாத பனிப் பிரதேசத்துக்குப் போகிற வண்டி. அங்கே பஞ்சரானால்கூட யாரைக் கூப்பிடுவது? அந்த அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர் எல்லாரும் அதில்தான் போகப் போகிறார்கள். சின்னதாக ஒரு பொட்டு வைத்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

மூக்கில் வைத்தால் சூப்பர்வைசர் கண்ணில் பட்டுவிடும். சக்கரத்தில் வைத்தாலும் தெரியும். யார் கண்ணிலும் படாத இடமாகத் தேடினேன். மேலே பார்த்தால் அந்தக் குழாய்கள். பறக்காத நேரத்தில் அவற்றின் வாய்க்குச் சிவப்புத் துணியில் உறை போட்டு வைத்திருப்பார்கள். ஏணி பக்கத்திலேயே நின்றது. ஏறினேன். நடுக்குழாயின் உறையைக் கழற்றினேன். குழைத்த சந்தனத்தை வாயின் உள்விளிம்பில் அப்பி, அதன்மேல் குங்குமத்தை வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, உறையைப் போட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

என் தரப்பு நியாயம் ஒன்று உண்டு. துடைக்கக்கூடாது என்றுதான் சொல்லியிருந்தார்கள். நான் துடைக்கவில்லையே!

மறுநாள் வியாழக்கிழமை காலை விமானம் பறந்து, மூன்று மணி நேரம் கழித்து வந்தது. மதியத்துக்கு மேல் நான் குப்பைக்கூடையை எடுக்கப் போனபோது அவர்கள் மேஜையைச் சுற்றி ஒரே கொண்டாட்டம். பென்சில் கொண்டை அவிழ்ந்து தொங்குகிறது, அந்த அம்மா அதைக் கவனிக்கக்கூட இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்தார்.

“அண்ணை, வாங்கோ வாங்கோ, ஒரு புதினம், புதுச் சேதி!”

கண்ணாடித் தட்டில் ஒரு ரூபாய்க் காசு அகலத்தில் வெள்ளைக் காகித வட்டு இருந்தது. குழாய் வழியாக வரும் காற்றில் இருக்கும் தூசி அதில் படியுமாம். அன்று வெகு உயரத்தில் பறந்தார்களாம். அவ்வளவு உயரத்தில் காகிதம் வெள்ளையாகவே இருக்க வேண்டுமாம்.

“பாருங்கோ, சிவப்பு! இடைக்கிடை மஞ்சள்! இப்பிடி நிறத்திலை தூசி உலகத்திலை எந்தப் பாலைவனத்திலையும் நாங்கள் காணேல்லை. எங்கையோ தூரத்திலையிருந்து மேலுக்கு வந்திருக்கு. மேடம் சந்தோசத்திலை மத்தியானம் சாப்பிடவும் இல்லை.”

நான் குனிந்து பார்த்தேன். சந்தேகமே இல்லை. என் மனைவி எங்கள் ஊர்க் கோயில் வாசலில் வாங்கிய குங்குமம். காய்ந்து உதிர்ந்த சந்தனம் பக்கத்திலேயே இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் வீட்டுச் சாமி மாடத்திலும் இதே குங்குமம் இருந்திருக்கும். ஆனால் வானத்தில் அதை எதிர்பார்க்க அவருக்கு என்ன தலையெழுத்து?

“நல்லாருக்கு” என்றேன். குப்பைக்கூடையை எடுக்காமலேயே திரும்பிவிட்டேன்.

மாலைக்குள் எல்லாம் மாறிவிட்டது. சனிக்கிழமை தென் துருவத்துக்குக் கிளம்ப வேண்டிய விமானம் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போனது. சனிக்கிழமை அதே உயரத்தில் மறுபடியும் பறந்து அந்தச் சிவப்புத் தூசியைத் தேடப் போகிறார்களாம். அந்த அம்மா ஃபோனில் யார் யாரிடமோ பேசிக்கொண்டே இருந்தார். என்னைப் பார்த்ததும் அன்றைக்கு இரண்டு கையாலும் சல்யூட் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மனசு தாங்காமல் சூப்பர்வைசரிடம் போய் மெதுவாகச் சொன்னேன். அவர் மலையாளி, நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தவர். கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“எந்தா அண்ணாச்சி, ப்ளேனை தொட்டோ? தொட்டது மட்டுமில்லே, பொட்டும் வெச்சோ? மிண்டாதே. ஒருத்தர்கிட்டேயும் பேசாதே. சோறு தின்னு, ட்யூட்டி செய்யி. ப்ளேன் ஞாயிற்றாழ்ச்ச போகும், கலாஸ், எல்லாம் முடிஞ்சு. நீ சொன்னா உன் பாஸும் போகும், என் பாஸும் போகும்.”

வெள்ளிக்கிழமை லீவு. சனையா என்ற தொழிற்பேட்டைப் பகுதியில் இருந்த எங்கள் கேம்ப்பில் நாங்கள் எட்டு பேர் ஒரு ரூம். சமையல் முறை எனக்கு. சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர், பட்டுக்கோட்டைப் பக்கம், என்ன விஷயம் என்று குடைந்து குடைந்து கேட்டு வாங்கிவிட்டார். வாங்கியதும் ரூம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

“லாரிக்கு வச்ச, மெஷினுக்கு வச்ச, ஏரோப்பிளேனையும் விட்டு வைக்கலியா நீ? நல்லவேளை, ஒட்டகம் எதுவும் குறுக்க வரல!”

“தேங்கா ஒடைச்சியாப்பா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிப்பு அடங்கியதும் பட்டுக்கோட்டைக்காரர் மட்டும் தட்டைப் பார்த்தபடி கேட்டார்: “ஏம்ப்பா, அந்தப் பொட்டு இப்பவும் குழாய்க்குள்ளதான் இருக்கா?”

“இருக்கும். கொஞ்சந்தானே உதிர்ந்திருக்கும்.”

“அப்ப அவுக அந்தப் பனி ஊருக்குப் போனாலும் அங்கயும் செவப்பாத்தானே தெரியும்?”

அதுவரை நான் அதை யோசிக்கவே இல்லை. சனிக்கிழமை ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். தூசியே இல்லாத இடத்தில், உலகத்தின் கடைசி மூலையில், அந்த அம்மா என் குங்குமத்தை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதை வைத்துக் கணக்குப் போடுவார்கள். பிள்ளைகளுக்குப் பாடமாகக்கூட வைத்துவிடுவார்கள். அந்தச் சாம்பார் எனக்கு அதற்கு மேல் இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை, விமானம் புறப்பட ஒரு மணி நேரம் இருக்கும்போது, அந்த ஃபிலிம் டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்காரர் முன்னால் போய் நின்றேன். டப்பாவைத் திறந்து நீட்டினேன். கோயில் பிரசாதம் என்று நினைத்து அவர் விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்.

“அய்யா, வைக்கிறதுக்கு இல்லய்யா. பாக்கிறதுக்கு” என்றேன்.

அவர் விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அண்ணாந்து குழாயைப் பார்த்தார். அப்படியே டூல் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

“அண்ணை... எங்கை அண்ணை வைச்சனீங்கள்?”

“நடுக்குழாய்ல. புதன்கிழமை ஆயுத பூஜைங்க.”

“எங்கடை அம்மாவும் காருக்கு வைக்கிறவதான்” என்றார், அழுவதா சிரிப்பதா என்று தெரியாத குரலில். “ஆனா பெட்ரோல் டாங்குக்குள்ளை வைக்கிறேல்லை, அண்ணை!”

என்னை அந்த அம்மாவிடம் கூட்டிப் போனார். அவர் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அந்த அம்மாவின் முகத்தில் இருந்த வெளிச்சம் இறங்கிக்கொண்டே வந்தது. நான் “சாரி மேடம்” என்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். அந்த அம்மா டப்பாவை வாங்கி, ஒரு சிட்டிகை எடுத்து, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பிறகு வியாழக்கிழமைக் காகிதத்தை வைத்துப் பார்த்தார். மறுபடியும் டப்பாக் குங்குமம். பிறகு எழுந்து, என்னைப் பார்க்கச் சொல்லி ஸ்டூலைக் காட்டினார். பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். செங்கல் சூளை மாதிரி பெரிது பெரிதாகச் சிவப்புக் கட்டிகள்.

அந்த அம்மா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பதறிப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

“மூண்டு பேருக்குப் புதுத்தூசி எண்டு கடிதம் எழுதிப்போட்டாவாம். இனித் திருப்பி எழுத வேணுமாம், அது பொட்டு எண்டு” என்றார் யாழ்ப்பாணத்துக்காரர்.

பிறகு எதற்காக வைத்தேன் என்று அவர் மூலம் அந்த அம்மா கேட்டார். பத்திரமாகப் போய்த் திரும்பி வர என்று சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது. அடுத்து அவர் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. நல்லதுக்குத்தானே வைத்தாய், பிறகு ஏன் ஒளித்து வைத்தாய்? எங்களைக் கேட்டிருந்தால் வைக்க இடம் காட்டியிருப்போமே?

கழுத்தில் தொங்கிய பாஸைத் தொட்டுக் காட்டினேன்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. விமானத்தை யார் தொட்டாலும் எழுதி வைத்தாக வேண்டும். பாதுகாப்பு அதிகாரி வந்தார், சூப்பர்வைசர் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். என் கழுத்தில் இருந்த பாஸைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். கழுத்து லேசாகிவிட்டது, மற்றதெல்லாம் கனத்துவிட்டது. இனி சாரம்தான் என்று முடிவு பண்ணிவிட்டேன்.

உள்ளே அரை மணி நேரம் பேசினார்கள். கதவு மூடியிருந்தது, அந்த அம்மாவின் குரல்தான் அதிகம் கேட்டது. வெளியே வந்ததும் யாழ்ப்பாணத்துக்காரர் ஒரு காகிதத்தைக் காட்டி, கடைசி வரியை வாசித்துச் சொன்னார். இந்தத் தவறை யாரும் கண்டுபிடிக்கவில்லை, செய்தவரே விமானம் மறுபடி பறப்பதற்கு முன் வந்து சொன்னார், இவர் சொல்லாவிட்டால் எங்கள் துருவப் பயணத்தின் அளவெல்லாம் வீணாகியிருக்கும், இவரை இந்த ஹேங்கரிலேயே வைத்திருக்க வேண்டும் என்று அந்த அம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

எனக்கு ஒரு வார்னிங் லெட்டர் கொடுத்தார்கள். தமிழில் கையெழுத்துப் போட்டேன். பாஸ் திரும்பி வந்தது. சூப்பர்வைசர் காதோரம் வந்து, “அண்ணாச்சி, அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு உனக்கு லீவு. ரூமிலே கிட” என்றார்.

அன்று அந்த விமானம் பறக்கவில்லை. குழாயைத் தனியாகக் கழற்றிப் பஞ்சும் ஸ்பிரிட்டும் வைத்து மாலை வரை சுத்தம் பண்ணினோம். நானும் உட்கார்ந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர் குச்சியில் பஞ்சைச் சுற்றிக் கொடுக்க, நான் துடைத்தேன். துடைக்காதே என்ற அதே இடத்தைத்தான்.

“இப்ப நல்லாத் துடையுங்கோ அண்ணை” என்று ஒவ்வொரு பஞ்சுக்கும் கிண்டல் பண்ணினார்.

முடித்ததும் அந்த அம்மா கூப்பிட்டார். பைலட்டும் நின்றிருந்தார். முன் சக்கரத்தின் மூடிக் கதவில், உள்பக்கம், விரல் அகலத்தில் ஒரு இடத்தைப் பைலட் காட்டினார். அங்கே வைக்கலாமாம், எந்தக் காற்றும் அங்கிருந்து குழாய்க்குப் போகாதாம். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கூச்சத்தோடு வைத்தேன். பொட்டு கோணலாகத்தான் வந்தது.

என் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகைக் குங்குமத்தை அந்த அம்மா சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டு, இறுக மூடி, சீட்டு எழுதி ஒட்டினார். துருவத்தில் எப்போதாவது சிவப்பாகத் தெரிந்தால் ஒப்பிட்டுப் பார்க்கவாம். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். “அல் ஐன். தெரிந்த தூசி” என்று படித்துச் சொன்னார் யாழ்ப்பாணத்துக்காரர்.

நான் இன்று ஊரில் இருக்கிறேன். இன்றும் யாருக்காவது நல்லது செய்யக் கை நீளும்போதெல்லாம் அந்தக் குழாய் ஞாபகம் வரும், உடனே வாய் திறந்து, “செய்யட்டுமா?” என்று கேட்டுவிடுகிறேன். தெரியாமல் வைத்த பொட்டைவிட, தெரிந்த பிறகு மூடி வைத்திருந்த அந்த இரண்டு நாள்தான் எனக்குக் கனமாக இருந்தது என்பதால், கூச்சக்காரனான எனக்குக் கேட்பதும் சொல்வதும் அதற்குப் பிறகு அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை.

குழாயைச் சுத்தம் பண்ணிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு விமானம் புறப்பட்டுப் போனது. அது நின்ற இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் கிடந்தது. மெஷினைக் கொண்டுவந்து துடைத்தேன்.